சதுரங்கப் பகுதியில் சாதாரண ஆட்டக்காரர்களின் நிதான ஆட்டங்களும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது முதல் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் சதுரங்கத்துக்குக் கிடைத்துவரும் இடம் மனநிறைவு தருகிறது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று குகேஷ் உலக சாம்பியனானபோது தாங்கள் வெளியிட்ட செய்திகளையும், வாரந்தோறும் வரும் புதிர்க் கட்டத்தையும் விடாமல் படிப்பவன் நான். ஆனால் இந்தச் செய்திகளை ஆர்வத்தோடு படிப்பவர்களில் பலர் பயிற்சி மையத்துக்குப் போகும் சிறுவர்களல்லர் என்பது என் எண்ணம். அலுவலகத்துக்கோ கடைக்கோ போய்வந்துகொண்டு, பேருந்திலும் மின்சார ரயிலிலும் கைபேசியைத் திறந்து ஓர் ஆட்டம் ஆடிவிட்டு மூடுகிற நடுத்தர வயதினர் அவர்கள். அவர்களுக்கும் ஆட்டத்தில் தேற வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. அதற்கு உதவும்படியான ஒரு வரி நம் பத்திரிகைகளில் வருவதில்லை. அந்தக் குறையைப் பற்றியும், அதை எளிதில் நீக்கக்கூடிய ஒரு வழியைப் பற்றியும் எழுத விரும்புகிறேன்.

மூன்று நிமிட ஆட்டங்களை ஆண்டுக்கணக்கில் ஆடியும் ரேட்டிங் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று அலுத்துக்கொள்ளாத கைபேசி ஆட்டக்காரர் அரிது. அவரிடம் பயிற்சியாளர்கள் சொல்லும் முதல் அறிவுரை, ‘உங்கள் ஆட்டங்களை நீங்களே ஆராயுங்கள்’ என்பது. அறிவுரை சரிதான். ஆனால் மூன்று நிமிடத்தில் முடிந்துபோன ஆட்டத்தைத் திறந்து பார்த்தால் ஆராய்வதற்கு அங்கே என்ன இருக்கிறது? காய்கள் நகர்ந்த வரிசை மட்டும்தான் இருக்கிறது. அந்த நகர்த்தலுக்கு முன் மனத்தில் ஓடியது என்ன, எதை அஞ்சினோம், எந்த வழியைப் பார்த்துவிட்டுக் கைவிட்டோம் என்பவற்றின் சுவடே கிடையாது. பல சமயம் அப்படி எதுவும் ஓடியிருக்கவும் இல்லை. எஞ்சின், அதாவது ஆட்டத்தை ஆராயும் கணினி நிரல், சிவப்பு நிறத்தில் கேள்விக்குறி போட்டுக் காட்டுகிறது, நாமும் ‘ஆமாம்’ என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்குகிறோம்.

இதற்கு மாற்றாக நான் பரிந்துரைப்பது அஞ்சல்வழி ஆட்டம். இன்று அஞ்சல்காரர் இதில் இல்லை; லிச்செஸ், செஸ் டாட் காம் போன்ற தளங்களில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு நாள், மூன்று நாள் என்று அவகாசம் வைத்து ஆடும் வசதி இருக்கிறது. முறை மட்டும் பழையதுதான். லண்டனும் எடின்பரோவும் 1824 முதல் 1828 வரை கடிதம் மூலம் ஆடிய போட்டியில் எடின்பரோ வென்றதும், ஸ்காட்ச் என்ற தொடக்க ஆட்டத்துக்கு (ஆட்டத்தின் முதல் சில நகர்த்தல்களின் வரிசைக்கு) அதனால் பெயர் வந்ததும் சதுரங்க வரலாற்றில் பலரும் அறிந்த செய்தி. பின்னர் அஞ்சலட்டை வந்தது. இந்தியாவில் 1879இல் காலணா விலைக்கு அறிமுகமான அந்த அட்டையில் ஒரு நகர்த்தலை எழுத எவ்வளவு இடம் வேண்டும்? மொழி தெரியாத வெளிநாட்டவரோடு ஆடுவதற்கென்று கட்டங்களை எண்களாலேயே குறிக்கும் முறையைச் சர்வதேச அஞ்சல்வழிச் சதுரங்கக் கூட்டமைப்பு பின்பற்றியது. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னேறுவதை 5254 என்று எழுதினால் போதும்: ஐந்தாம் நெடுவரிசை இரண்டாம் கிடைவரிசையிலிருந்து ஐந்தாம் நெடுவரிசை நான்காம் கிடைவரிசைக்கு. பத்து நகர்த்தல்களுக்கு முப்பது நாள் என்பதும், கடிதம் வழியில் செலவழிக்கும் நாள்கள் கணக்கில் சேரா என்பதும் அக்கால வழக்கம். ஓர் ஆட்டம் முடிய ஓராண்டுக்கு மேல் ஆவது சாதாரணம்.

அந்த நிதானம் மட்டுமே யாரையும் தேற்றிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று நாள் அவகாசம் இருந்தும் மூன்றாம் நாள் இரவில் அவசரமாக ஒரு காயைத் தள்ளிவிட்டுத் தூங்கப்போகிறவர்கள் நிறைய. பயன் எங்கே பிறக்கிறது என்றால், நகர்த்துவதற்கு முன் காரணத்தைக் கையால் எழுதிவைப்பதில்தான். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இடப்பக்கத்தில் நகர்த்தல், வலப்பக்கத்தில் அதை ஏன் தேர்ந்தேன், வேறு எதைப் பார்த்தேன், எதிராட்டக்காரர் என்ன ஆடுவார் என்று எதிர்பார்க்கிறேன், இப்போது யாருக்கு நிலை மேல் என்று நினைக்கிறேன். இதை ஆட்டம் நடக்கும்போதே எழுத வேண்டும். முடிந்த பிறகு எழுதினால் முடிவு தெரிந்த மனம் காரணங்களைத் திருத்தி எழுதிவிடும். தோற்ற ஆட்டத்தில் எல்லாவற்றையும் முன்கூட்டியே சந்தேகித்ததாகவும், வென்ற ஆட்டத்தில் எல்லாவற்றையும் திட்டமிட்டதாகவும் நமக்கே தோன்றும்.

இதனால் என்ன கிடைக்கும் என்பதற்கு என் நோட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. பிரெஞ்சு தற்காப்பு என்ற தொடக்க ஆட்டத்தில் வெள்ளை தன் சிப்பாயை இ5க்கு முன்னேற்றும் கிளையில் ஒரு பழைய பொறி உண்டு. (நெடுவரிசையை ஏ முதல் எச் வரை எழுத்தாலும் கிடைவரிசையை 1 முதல் 8 வரை எண்ணாலும் குறிப்பது வழக்கம்.) கறுப்பு ராணி பி6இலும் குதிரை சி6இலும் நின்று வெள்ளையின் டி4 சிப்பாயைக் குறிவைக்கின்றன. வெள்ளை பிஷப் டி3இல் நிற்கிறது. கறுப்பு அவசரப்பட்டு டி4 சிப்பாயைக் குதிரையால் வெட்டி, குதிரைகள் வெட்டுண்ட பின் ராணியையும் அங்கே கொண்டுவந்தால், வெள்ளை பிஷப் பி5க்குப் பாய்ந்து செக் சொல்கிறது. பிஷப் விலகியதால் டி1இல் இருக்கும் வெள்ளை ராணியின் பார்வை திறந்து கறுப்பு ராணி பறிபோகிறது. இதைத் தெரிந்த கறுப்பு, முதலில் தன் பிஷப்பை டி7இல் வைத்து அந்தச் செக்கை அடைத்துவிடும். அப்போதும் வெள்ளை கோட்டை கட்டிக்கொண்டு (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றும் காஸ்லிங்) டி4 சிப்பாயை விட்டுக்கொடுப்பதுதான் மில்னர்-பாரி கேம்பிட். (இரண்டாம் உலகப் போரில் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியரின் ரகசியக் குறியீடுகளை உடைத்த குழுவில் இருந்த ஸ்டூவர்ட் மில்னர்-பாரியின் பெயர் அது.) கறுப்பு ராணி டி4இல் வந்து நிற்க, வெள்ளை பத்தாவது நகர்த்தலாகக் குதிரையைச் சி3இல் வைக்கிறது. ஒரு சிப்பாய் குறைவு; அதற்கு ஈடாகக் காய்கள் வேகமாக வெளியே வந்திருக்கின்றன, கறுப்பு ராஜா இன்னும் நடுவில் நிற்கிறது.

வெள்ளையாக நான் ஆடிய அந்த ஆட்டத்தில், பத்தாவது நகர்த்தலுக்கு எதிரே ‘சிப்பாயைக் கொடுத்து நேரத்தை வாங்கியிருக்கிறேன்; ராஜாவைத் தாக்க வேண்டும்’ என்று தெளிவாக எழுதியிருக்கிறது. எதிராட்டக்காரர், குதிரை பி5க்கு வந்துவிடாமல் தடுக்க ஏ6இல் சிப்பாயை நகர்த்தினார். நான் இ5 சிப்பாய்க்குக் காவலாக ராணியை இ2இல் வைத்தேன். அதன்பின் வந்த குறிப்புகளைப் படித்தால் வேடிக்கையாக இருக்கும். ‘டி5 சிப்பாயைத் தாக்கலாம்’, ‘ராணிகளை மாற்றிக்கொண்டால் சிப்பாயைத் திரும்பப் பிடிக்க வாய்ப்பு’, ‘சமநிலை செய்தால் போதும்’ என்று ஒவ்வொரு காரணமும், கொடுத்த கடனை வட்டி எதிர்பாராமல் அசலாவது வந்தால் போதும் என்று வசூலிக்கப் போகிறவரின் மனநிலையில் எழுதப்பட்டிருக்கிறது. தாக்குதல் என்ற சொல்லே அப்புறம் வரவில்லை. எஞ்சினிடம் கொடுத்தபோது அந்த நகர்த்தல்களில் ஒன்றைக்கூட அது பெரும்பிழையாகக் காட்டவில்லை; ஒவ்வொன்றும் சிறந்த நகர்த்தலைவிடச் சற்றே தாழ்ந்தது, அவ்வளவுதான். சிப்பாயைத் தியாகம் செய்த கை அதைத் திரும்பப் பெறவே துடித்துக்கொண்டிருந்தது என்பதை எஞ்சினால் சொல்ல முடியாது. நோட்டு சொன்னது. பழைய பக்கங்களைப் புரட்டினால் வேறு தொடக்க ஆட்டங்களிலும் அதே மனப்போக்கு தெரிந்தது; ஆகவே அது பிரெஞ்சு தற்காப்பைப் பற்றிய பாடம் அன்று.

அஞ்சல் ஆட்டத்தின் இன்னொரு பழைய வழக்கம் நிபந்தனை நகர்த்தல். ‘நீங்கள் இதை ஆடினால் என் பதில் இது, அதற்கு நீங்கள் இதை ஆடினால் அப்புறம் இது’ என்று ஒரே அட்டையில் சங்கிலியாக எழுதி அனுப்புவார்கள். தபால் செலவும் நாள்களும் மிச்சமாகும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் இது. இன்றைய தளங்களிலும் இந்த வசதி இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை. நான் அதைப் பரீட்சையாகப் பயன்படுத்தச் சொல்வேன். ஒவ்வொரு முறையும் எதிராட்டக்காரரின் பதிலை முன்கூட்டியே எழுதிவைத்து, சங்கிலி எந்த இடத்தில் அறுபடுகிறது என்று குறித்துவந்தால், நம் கண்ணுக்குத் தப்பும் நகர்த்தல்கள் எந்த வகை என்பது சில ஆட்டங்களிலேயே புலப்பட்டுவிடும். வெட்டுகளையும் செக்குகளையும் எவரும் எதிர்பார்த்துவிடுவர். தப்புவது பெரும்பாலும் பின்வாங்கும் நகர்த்தல்: முன்னேறி நின்ற குதிரை வேறு கட்டம் நோக்கிச் செல்வதற்காக ஒரு படி திரும்பிப் போவது, பிஷப் தன் பழைய இடத்துக்கே போய் வேறொரு காய்க்கு வழிவிடுவது. இன்னொரு வகை, நாம் ஒரு காயை வெட்டியதும் உடனே திருப்பி வெட்டாமல் நடுவில் வேறோர் அச்சுறுத்தலைச் செருகுவது. எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படிக் குறித்துவந்ததன் பயனாக, நகர்த்துவதற்கு முன் ‘அவருடைய குதிரைகள் எங்கே திரும்பலாம்’ என்று ஒரு கேள்வியை நோட்டின் மேலட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

இறுதி ஆட்டங்களில் இந்த முறையின் அருமை இன்னும் துலக்கமாகத் தெரியும். வெள்ளை ராஜா டி5இல், வெள்ளைச் சிப்பாய் இ5இல், கறுப்பு ராஜா இ7இல். வேறு காய்கள் இல்லை. வெள்ளை சிப்பாயை இ6க்குத் தள்ளுகிறது. கறுப்பு ராஜா போகக்கூடிய கட்டங்கள் நான்கு: டி8, இ8, எஃப்8, எஃப்6. இவற்றில் மூன்று தோல்வி, ஒன்று டிரா. நேர் பின்னால் இ8க்குப் போனால் மட்டுமே ஆட்டம் பிழைக்கும். வெள்ளை ராஜா டி6க்கு வந்தால் கறுப்பு டி8இல் எதிர்கொண்டு நிற்கும், சிப்பாய் இ7இல் செக் சொன்னால் இ8க்குத் திரும்பும், வெள்ளை ராஜா இ6இல் காவல் நின்றால் கறுப்புக்கு நகர இடமில்லாமல் ஸ்டேல்மேட், அதாவது டிரா. முதலிலேயே டி8க்கோ எஃப்8க்கோ போனால், வெள்ளை ராஜா டி6இல் ஏறிவிடுகிறது. சிப்பாய் செக் இல்லாமலே இ7ஐ அடைந்து ராணியாகிவிடும். இது எல்லாப் பாடப் புத்தகத்திலும் உள்ளதுதான். ஆனால் புத்தகத்தில் படித்தவர் கடிகாரம் ஓடும்போது ‘நேராகவா, பக்கவாட்டிலா’ என்று தடுமாறுவதை எத்தனையோ உள்ளூர்ப் போட்டிகளில் பார்க்கலாம். தன் சொந்த ஆட்டத்தில், அரைப் புள்ளி ஊசலாடிக்கொண்டிருக்க, நான்கு கட்டங்களையும் ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்து, மூன்றை அடித்துவிட்டு ஒன்றை அனுப்பியவர் அதன்பின் தடுமாறுவதில்லை.

எஞ்சினைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனெனில் அஞ்சல் ஆட்டம் என்றதும் ‘இப்போது எல்லாரும் கணினியைப் பார்த்துத்தானே ஆடுகிறார்கள்’ என்ற கேள்வி உடனே வரும். விதிகள் இடத்துக்கு இடம் வேறு. சர்வதேச அஞ்சல்வழிச் சதுரங்கக் கூட்டமைப்பின் போட்டிகளில் எஞ்சினின் உதவி அனுமதிக்கப்படுகிறது. அதன் விளைவாக உயர்நிலைப் போட்டிகளில் ஏறக்குறைய எல்லா ஆட்டங்களும் டிராவில் முடிகின்றன. அது ஒரு தனி வித்தை, அதை ஆடுவோர் மீது எனக்கு மரியாதை உண்டு, ஆனால் நம் போன்றோர் கற்பதற்கு உகந்த களம் அதுவன்று. லிச்செஸ், செஸ் டாட் காம் ஆகிய தளங்களின் நீண்ட அவகாச ஆட்டங்களில் தொடக்க ஆட்டப் புத்தகங்களையும் பழைய ஆட்டங்களின் தொகுப்புகளையும் பார்த்துக்கொள்ளலாம், எஞ்சினைத் தொடக் கூடாது. இந்த ஏற்பாடு கற்பவருக்கு வாய்ப்பானது. புத்தகத்தைப் பார்த்து ஆடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புத்தகம் முடியும் இடத்தில் நம் கணக்கு தொடங்குகிறது. எதிராட்டக்காரர் திருட்டுத்தனமாக எஞ்சினை வைத்து ஆடினால் என்ன செய்வது என்று கேட்பவருக்கு என் பதில், தெரிந்த நண்பர் ஒருவரோடு ஆடுங்கள் என்பதுதான். அதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஆட்டம் முடிந்ததும் இருவரும் நோட்டுகளை மாற்றிக்கொள்ளலாம். நாம் மிரண்ட இடத்தில் அவர் நம்மைவிட அதிகமாக மிரண்டிருந்தார் என்று அப்போதுதான் தெரியவரும். எஞ்சினை அதற்கும் பின்னால்தான் திறக்க வேண்டும். திறந்தாலும் கால் சிப்பாய், அரைச் சிப்பாய் அளவு வேறுபாடுகளைப் பொருட்படுத்தாமல், நம் மதிப்பீடும் அதன் மதிப்பீடும் எங்கே வெகுவாகப் பிரிகின்றன என்று மட்டும் தேடினால் போதும்.

பெரிய ஆட்டக்காரர்களும் இந்த வழியில் வந்திருக்கிறார்கள் என்பதை மேற்கோளுக்காக அன்றி, நம் சிற்றூர் வாசகர்களை நினைத்தே குறிப்பிடுகிறேன். எஸ்டோனியாவின் பால் கெரெஸ், பார்னு என்ற சிறிய ஊரில் வளர்ந்தவர். அங்கே தக்க எதிராட்டக்காரர்கள் இல்லாததால் அஞ்சலட்டைகளைத் தேடிப்போனார், ஒரு காலத்தில் ஒரே நேரத்தில் 150 ஆட்டங்கள்வரை ஆடினார். அஞ்சல்வழிச் சதுரங்கத்தின் முதல் உலக சாம்பியன் ஆஸ்திரேலியாவின் சி.ஜே.எஸ். பர்டி, எளிய ஆட்டக்காரர்களுக்குப் புரியும்படி பல்லாண்டு சதுரங்க இதழ் நடத்தியவர். ஐந்தாவது சாம்பியனான அமெரிக்கர் ஹான்ஸ் பெர்லினர், சோவியத் நாட்டின் எஸ்ட்ரினை இரண்டு குதிரைத் தற்காப்பில் எதிர்கொண்ட ஆட்டம் 1965 முதல் 1968 வரை நடந்த இறுதிச் சுற்றைச் சேர்ந்தது. எஸ்ட்ரினோ அந்தத் தொடக்க ஆட்டத்தைப் பற்றி நூலே எழுதியவர். அவரை அவருடைய சொந்த நிலத்திலேயே, ஒரு காயைத் துணிந்து கொடுத்து பெர்லினர் வென்றார். அதே பெர்லினர் பின்னர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஹைடெக் என்ற சதுரங்கக் கணினியை உருவாக்கினார் என்பது காலத்தின் விளையாட்டு.

ஆனால் என் வாதத்துக்கு மிக நெருங்கியவர் அஞ்சல் ஆட்டக்காரரல்லாத மிகைல் போட்வின்னிக். 1948இல் உலக சாம்பியனான அவர், ஆட்டக்காரர் தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்ந்து எழுதுவதோடு நிற்காமல் அந்த ஆய்வை அச்சில் வெளியிட வேண்டும் என்று வற்புறுத்தியவர். அச்சில் வந்தால் பிறர் குறை கண்டுபிடிப்பர். குறை கண்டுபிடிப்பர் என்ற நினைப்பே எழுதுகிறவரை நேர்மையாக எழுதச் செய்யும். இங்கேதான் தங்கள் உதவி தேவைப்படுகிறது.

வார இணைப்பின் சதுரங்கப் பகுதியில், ஒரு வாரம் புதிருக்குப் பதிலாக, வாசகர் ஒருவர் ஆடிய நீண்ட அவகாச ஆட்டத்தை அவரே எழுதிய குறிப்புகளோடு வெளியிடலாமா என்று கேட்டுக்கொள்கிறேன். மாதத்துக்கு ஒன்று போதும். ஆட்டம் நடக்கும்போதே எழுதிய குறிப்புகளாக இருக்க வேண்டும், எஞ்சினின் எண்களை நிரப்பி அனுப்பக் கூடாது, தோற்ற ஆட்டங்களையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனைகளை வைத்தால் வருகின்றவற்றின் தரம் தானே உயரும். நம் மாவட்டங்களில் சர்வதேச நடுவர்களும் ஓய்வுபெற்ற பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே அவர்களில் ஒருவர் இரண்டு வரியில் கருத்துச் சொன்னால் வாசகருக்கு அது எந்தக் கட்டணப் பயிற்சியிலும் கிடைக்காத பாடம். குழந்தைகளின் வெற்றிச் செய்திகளைக் குறைக்கச் சொல்லவில்லை. அவர்களுக்கு வழிகாட்டப் பயிற்சியாளர் இருக்கிறார், பெற்றோர் செலவழிக்கிறார்கள். மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பும் கணக்காளருக்கோ செவிலியருக்கோ அவரது நோட்டைத் தவிர வேறு ஆசிரியர் இல்லை.

அஞ்சல் ஆட்டம் ஆடினால் கடிகாரப் போட்டிகளில் உதவாது என்று சொல்பவர்களின் கருத்திலும் உண்மை உண்டு. நேர நெருக்கடியைச் சமாளிக்கும் பழக்கம் நேர நெருக்கடியில் ஆடித்தான் வரும். உள்ளூர்ப் போட்டிக்குத் தயாராகிறவர் அதற்குத் தனியாகப் பழக வேண்டும். நான் சொல்வது, அந்த நெருக்கடியில் கை தானாக எதைத் தேடிப்போகிறது என்பதை முன்னதாகவே தெரிந்துகொள்ளும் வழி. அதற்கு விரைவு ஆட்டம் உதவுவதில்லை.

இட நெருக்கடி தங்களுக்கு எப்போதும் உண்டு என்பதை அறிவேன். முப்பது நகர்த்தல் கொண்ட ஆட்டத்துக்கு நகர்த்தல் வரிசை சில வரிகள்தான். ஒரு பலகைப் படமும், திருப்பமான நான்கைந்து இடங்களுக்கு மட்டும் குறிப்பும் இருந்தால் கால் பக்கத்துக்குள் அடங்கிவிடும். மேலே சொன்ன பிரெஞ்சு தற்காப்பு ஆட்டத்தின் குறிப்புகளை, எதிராட்டக்காரரின் இசைவோடு, அவருடைய குறிப்புகளையும் சேர்த்து இக்கடிதத்துடன் அனுப்பியிருக்கிறேன். மாதிரிக்குப் பயன்படுமானால் வெளியிடலாம். சுருக்க வேண்டுமென்றால் என் குறிப்புகளைச் சுருக்கிக்கொள்ளுங்கள், அவருடையவை என்னுடையவற்றைவிட நன்றாக இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.